றப்பர்ப் பால் பூசி அடைத்த ஜன்னல்

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சபையில் வேதபாடம் வாசிப்பேன், லயத்து ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை வாயால் சொல்ல மூன்று தரம் பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிய மகளே, உனக்குப் பிள்ளை பிறந்து நானும் அம்மாவும் பார்க்க வந்தோமே, அன்றைக்கு உன் பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைத் தூக்க வந்தாங்க. தேத்தண்ணி குடித்த டம்ளரைப் பாய் ஓரத்தில் வைத்தாங்க. நீ பாய்ந்து எடுத்தாய். "புள்ள பக்கத்துல டம்ளர் வைக்காதீங்க" என்றாய். அந்த அக்காவின் முகம் செத்துப்போனது. பிறகு அடுப்படியில் அம்மாவிடம் நீ சொன்னதை அம்மா திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்.

"தங்கச்சி செத்தது என்னாலதாம்மா. அந்த மாமா குடிச்சிட்டு வச்ச டம்ளர்ல மிச்சம் இருந்த தேத்தண்ணிய அவ எடுத்துக் குடிச்சா. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கழுவாம வச்சது நான்."

பன்னிரண்டு வருஷம் இதை நீ நெஞ்சில் வைத்திருந்திருக்கிறாய். ஒன்பது வயதிலிருந்து. பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா நான் அழுகிறேன் என்று நினைத்தாள். நான் அழவில்லை, பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் உன் தங்கச்சி அந்த டம்ளரால் சாகவில்லை. அது எனக்கு அவள் உயிரோடு இருந்தபோதே தெரியும்.

தம்பி, என் மகனே, உனக்கு அப்போது ஏழு வயது. உனக்கு எது ஞாபகம் இருக்கிறது, எது இல்லை என்று எனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எஹலியகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. கிறிஸ்தவ வீடு நம்முடையது ஒன்றுதான். "அல்லேலூயா வீடு" என்று சொல்வார்கள். பகையாக இல்லை, வாய்க்கு இதமாக ஒரு பேர் வேண்டும் என்பதற்காக. நானும் அம்மாவும் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். விடியக் கத்தியும் வாளியும் எடுத்துப் போனால் பகல் ஒரு மணிக்குப் பாலைக் கொடுத்துவிட்டு வீடு வருவோம். என் மரங்களை ஒட்டின மரங்களில் வெட்டியவர்தான் கோடிக் காம்பராவில் இருந்த அந்த மாமா. என்னைவிட நாலைந்து வயது இளையவர். நல்ல வாய்க்காரர். வானம் கறுத்தால் அங்கேயிருந்து சத்தம் போடுவார்.

"அண்ணே, உங்க சாமிகிட்ட சொல்லி மழைய ஒரு மணித்தியாலம் நிப்பாட்டுங்க. நம்ம சாமி பூசைக்குப் போயிருக்கு."

அவருக்கு இருமல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சளி சோதித்து, காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் போட்டார். உடம்பு தேறினது போல இருந்ததும் விட்டுவிட்டார். அதற்குள் பெண்சாதி பயந்துபோய் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அரநாயக்கவில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இருமல் திரும்ப வந்தது. இந்தத் தரம் சளியில் இரத்தமும் வந்தது. மாத்திரையை ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"அந்த மாத்திரை போட்டா பசி குடலத் திங்குது அண்ணே. சோறு ஆக்கித் தர ஆள் யாரு? பசியில சாகுறதுக்கு இருமிச் செத்தா சத்தமாவது கேக்கும்."

பெரிய மகளே, இதைத் தொடங்கினது நீதான். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து இஸ்தோப்புத் திண்ணையில் பையைப் போட்டுவிட்டு அழுதாய். யார் அடித்தது என்று அம்மா கேட்டாள். யாரும் அடிக்கவில்லை. கோடிக் காம்பரா மாமாவுக்குப் பக்கத்து வீட்டில் சாயத் தேத்தண்ணி கொடுத்ததைப் பார்த்திருக்கிறாய். மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற சிரட்டையைப் படியில் வைத்து, தூரத்தில் நின்றுகொண்டு ஊற்றினார்களாம். அவர் அதைத் தூக்கிக் குடித்தாராம்.

"பால் சிரட்டையிலம்மா" என்றாய். "அதுல ஒட்டுப்பால் நாறும்மா."

அப்புறம் உள்ளே போய், உன் ஞானஸ்நானத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்தாய். "மாமாவுக்கு இதுல குடுப்போம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர், வியாதிக்காரனைப் போய்ப் பார்த்தவன் ஆண்டவரையே போய்ப் பார்த்தவன் என்று பிரசங்கம் பண்ணினார். எனக்கென்றே சொன்னது போல இருந்தது. வீட்டுக்கு வந்து நான் ஒரு தீர்மானம் சொன்னேன். தினமும் சாயந்தரம் நாலு மணிக்குக் குடும்பமாகப் போகிறோம். சோறு கொடுக்கிறோம், பாட்டுப் பாடுகிறோம், ஜெபம் பண்ணுகிறோம். அவரை மாத்திரை போட வைக்கிறோம்.

அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "ஏங்க, சின்னவளையும் கூட்டிட்டுப் போகணுமா? மூணு வயசு. அவள நான் வச்சுக்கிட்டு இருக்கேனே."

"குடும்பமா ஊழியம் செய்றதுன்னா எல்லாரும்தான்" என்றேன். "பாதியை வீட்டுல ஒளிச்சு வச்சிட்டுக் குடுக்கிறது குடுக்கிறதா?"

அம்மா களைந்த அரிசியையே திரும்பவும் களைந்தாள். என் குரல் அன்றைக்குப் பிரசங்கக் குரலாக இருந்திருக்கும்.

முதல் நாள் போனபோது அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காம்பராவில் இருந்தது ஒரே ஒரு ஜன்னல். பலகை உடைந்து பாதி இல்லை. மழை முடிந்த சாயந்தரங்களில் ஓடைப் பக்கத்துக் குளிர் நேரே அவர் பாய்க்கு வரும். குளிர்காற்றுதான் நெஞ்சுச் சளிக்கு எமன் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதைச் சரிபண்ணாமல் சோறு மட்டும் கொடுத்தால் என்ன ஊழியம்?

மறுநாள் அம்மாவிடம் பழைய துணி கேட்டேன். பச்சைக் கரை போட்ட சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். ஜன்னலில் சாக்கைக் கட்டி, அதன் மேல் சேலைத் துணியை விரித்து, ஓரமெல்லாம் றப்பர்ப் பால் பூசி ஒட்டினேன். காய்ந்ததும் இன்னொரு தரம் பூசினேன். பலகைச் சந்து, கூரைத் தகரம் சுவரில் உட்காரும் இடம், ஒன்றையும் விடவில்லை. பால் வெட்டுகிறவன் கை அது. ஒரு சொட்டு வீணாகாமல் வேலை செய்தேன். முடித்துவிட்டு மெழுகுதிரியைக் கொளுத்தி ஜன்னல் பக்கம் பிடித்தேன். சுடர் அசையவில்லை.

"அண்ணே, துரை பங்களாவுல கூட இப்படி இருக்காது" என்று அவர் சொன்னார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அப்படித்தான் ஒன்றரை மாதம் போனோம். பெரிய மகளே, நீ உன் டம்ளரில் அவருக்குத் தேத்தண்ணி கொண்டு வருவாய். வாசலில் நம்மைப் பார்த்ததும் தொடங்கிவிடுவார். "வாங்க அல்லேலூயா கோஷ்டி. அக்கா, என்ன கறி? கருவாடுன்னா ரெண்டு பாட்டு போதும். கீரைன்னா நாலு பாடணும்." ஆனால் பாயை இழுத்துச் சுவரோடு போட்டுக்கொள்வார். இருமல் வந்தால் துவாயை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். "தள்ளி உக்காருங்க அண்ணே, புள்ளைங்க இருக்கு" என்பார். "ஒண்ணும் ஆகாதுப்பா, ஆண்டவர் காப்பார்" என்று சொல்லி நான் கதவைச் சாத்துவேன். குளிருமே என்று.

கதவைச் சாத்திவிட்டுப் பாடுவோம். தம்பி, நீ தகர மூடியில் தாளம் போடுவாய். சின்னவளுக்குப் பாட்டின் கடைசி வார்த்தைதான் தெரியும். அதற்குக் காத்திருந்து எல்லோருக்கும் பிந்திச் சத்தமாகப் பாடுவாள். அவர் அதற்காகவே சிரிப்பார். ஐந்து பேர் மூச்சும் அவர் மூச்சும் சேர்ந்து அந்தக் காம்பரா கதகதப்பாக இருக்கும். பாட்டு முடிந்து வெளியே வரும்போது முகத்தில் குளிர் அடிக்கும். பார்த்தாயா, அந்த மனுஷனுக்கு எவ்வளவு ஆறுதல் செய்திருக்கிறோம் என்று நினைப்பேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள், "சரி அண்ணே, கூட்டிட்டுப் போங்க" என்றார். கிளினிக்கில் திரும்ப மாத்திரை தொடங்கினார்கள். இந்தத் தரம் எட்டு மாதம். நாம் கொண்டுபோன சோற்றைத் தின்றார், மாத்திரையைப் போட்டார், கன்னத்தில் சதை பிடித்தது. சபையில் நான் சாட்சி சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இருக்கும். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் பாணி கொடுத்தார்கள், பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. விளையாடமாட்டேன் என்றாள். வாந்தி எடுத்தாள். ஒரு நாள் காலையில் தூக்கும்போது கழுத்து வளையவில்லை, பலகை போல நின்றது. கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கிறாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் கொண்டுபோனோம். அப்போது சண்டைக் காலம், வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். அட்டையைப் பார்த்த சிப்பாய் பிள்ளையைப் பார்த்ததும், போ போ என்று முன்னால் அனுப்பிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர், நோனா என்று கூப்பிடுவோம். சிங்களத்தில்தான் பேசினாங்க. முதுகில் ஊசி போட்டுத் தண்ணி எடுத்தாங்க. மறுநாள் என்னை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாங்க. வீட்டில் யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று கேட்டாங்க. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு நானே, "ஒரே டம்ளர்ல குடிச்சிருப்பா நோனா" என்றேன்.

அவங்க தலையை ஆட்டினாங்க. "கோப்பய நெமெயி. ஹுஸ்ம" என்றாங்க. டம்ளர் இல்லை, மூச்சு.

அந்தக் காம்பராவில் ஜன்னல் இருக்கிறதா, காற்று வருமா என்று கேட்டாங்க. நான் என் கையைப் பார்த்தேன். அன்றைக்கும் நகக்கண்ணில் காய்ந்த பால் ஒட்டியிருந்தது. அவங்க என்னைத் திட்டவில்லை. இருமுகிறவர் மருந்து தொடங்கும் முன்னால் காற்று வராத இடத்தில் அவர் பக்கத்தில் இருந்திருந்தால், சின்னப் பிள்ளைகளுக்கு நோய் இப்படி மூளைக்குப் போய்விடும் என்று மெதுவாகச் சொன்னாங்க. மற்ற எல்லோரையும் சோதிக்கக் கூட்டி வரச் சொன்னாங்க. நமக்கு ஒன்றுமில்லை என்று வந்தது.

ஆறாம் நாள் காலையில் சின்னவள் போய்விட்டாள். அம்மா மடியில்தான். வார்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் கொண்டுவந்த நேரம்.

பெட்டியை றப்பர் மரப் பலகையில் செய்தார்கள். நான் ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்டி. லயமே வந்தது. பால் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தவர்களும் வந்து அழுதார்கள். "ஆண்டவர் சித்தம், எடுத்துக்கிட்டார்" என்று சபையார் சொன்னார்கள். நானும் சொன்னேன். வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். யாரும் மேற்கொண்டு கேட்க முடியாத பதில் அது. என் கை செய்ததை ஆண்டவர் தலையில் ஏற்றிவிட்டு, நான் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பன்னிரண்டு வருஷம் ஜெபம் பண்ணுகிறேன், மகளே. முழங்கால் போட்டவுடன் இதுதான் முதலில் வரும். நான் வேறு காரியம் பேசத் தொடங்கிவிடுவேன்.

அடக்கத்தில் அந்த மாமா கிட்டே வரவில்லை. தண்ணி ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம் துவாயை வாயில் கட்டிக்கொண்டு நின்றார். மண் போட்டு எல்லோரும் போன பிறகும் நின்றார்.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு அம்மா அடுப்பை மூட்டினாள். "யாருக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தான். இன்னும் நாலு மாசம் மாத்திரை இருக்கு. சோறு போகாட்டி விட்டுடுவாரு."

"இன்னைக்குமா?"

"இன்னைக்கு விட்டா நாளைக்கு என்னால போக முடியாதுங்க."

அவள் சோற்றுக் கோப்பையை மூடி எடுத்துக்கொண்டு நடந்தாள். நீங்கள் இரண்டு பேரும் பின்னால் போனீர்கள். நான் கடைசி. பெரிய மகளே, அன்றைக்கு நீ டம்ளரைக் கொண்டு வரவில்லை. வெறுங்கையோடு வாசலிலேயே நின்றாய். நான் அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ அன்றைக்கே சொல்லியிருப்பாய். நானும் சொல்லியிருக்க வேண்டி வந்திருக்கும்.

அம்மா சோற்றை வைத்தாள். அவர் தொடவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் நேரே ஜன்னலுக்குப் போய் அந்தத் துணியைப் பிடித்து இழுத்தேன். நன்றாக ஒட்டியிருந்தது. கத்தியால் ஓரத்தை அறுத்து, கிழித்து, சாக்கோடு சேர்த்துப் பிய்த்து எறிந்தேன். வெளிச்சம் வந்து அவர் பாயில் விழுந்தது.

"நல்லா இருந்ததை ஏன் அண்ணே பிய்க்கிறீங்க?"

"வெளிச்சம் வரட்டும்" என்றேன்.

அதுதான் நான் சொன்ன பொய். அதைவிடப் பெரிய பொய் நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

"அண்ணே, என்னாலதானே?" என்று கேட்டார். "இல்லப்பா, ஆண்டவர் சித்தம்" என்றேன். அவர் சோற்றை எடுத்தார். அழுதுகொண்டே தின்றார். அம்மா பக்கத்தில் நின்று மாத்திரையைக் கொடுத்தாள். அன்றைக்கு யாரும் பாடவில்லை.

நாலு மாதமும் போனோம். அவர் முழுதாகச் சுகமானார். பெண்சாதி திரும்ப வந்து அவரைத் தன் அண்ணன் வீட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு ஒரு பிஸ்கட் பெட்டியோடு வருவார், உங்களுக்குத் தெரியும். இஸ்தோப்பில் உட்காருவார். எத்தனை தரம் கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். அவரும் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வருகிறார். அதுவும் நான் இறக்கி வைத்திருக்க வேண்டிய சுமைதான்.

தம்பி, நீ இப்போது சபைக்கு வருவதில்லை. இதை வாசித்துவிட்டு, அப்படியென்றால் போயிருக்கவே கூடாதா என்று கேட்பாய். போனதால் ஒரு மனுஷன் உயிரோடு இருக்கிறான், அவன் பிள்ளைகளுக்கு அப்பா இருக்கிறார். போனதால் நம் வீட்டில் ஒரு பாய் விரிக்காமல் போனது. இரண்டையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்க்க நான் பழகவில்லை. பழகவும் மாட்டேன். அம்மா சின்னவளை வைத்துக்கொள்கிறேன் என்றாள். அவர் தள்ளி உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் என் விசுவாசத்தைக் காட்டினேன்.

போன வாரம் அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவள் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷம் அடக்கி வைத்ததை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க அத அப்படிப் பிய்ச்சு எறிஞ்சப்பவே தெரியும். அது என் சேலைதானே. கிழிச்சுக் குடுத்தது நான்தானே."

அவளும் அத்தனை வருஷம் அந்தச் சேலையைத் தன் கணக்கில் வைத்திருந்திருக்கிறாள். ஒரே காம்பராவில், ஒரே அடுப்பில், நீ டம்ளரை வைத்துக்கொண்டு, அவள் சேலையை வைத்துக்கொண்டு, நான் பாலை வைத்துக்கொண்டு. தினமும் ஒன்றாக உட்கார்ந்து ஜெபம் பண்ணியிருக்கிறோம், ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

கிழங்கை உரித்து முடித்துவிட்டு அம்மா சொன்னாள். "மகளுக்கு எழுதுங்க. என் சேலையையும் சேர்த்து எழுதுங்க. அவ மட்டும் தனியா இல்லன்னு தெரியட்டும்."

எழுதிவிட்டேன். மகளே, நீ செய்தது ஒன்றுதான். ஒரு மனுஷன் பால் சிரட்டையில் குடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் உன் டம்ளரைக் கொடுத்தாய். இந்த வீட்டில் குற்றம் இல்லாமல் யாராவது ஏதாவது கொடுத்திருந்தால் அது நீ கொடுத்தது. மற்றதை என்னிடம் கொடு. அது என்னுடையது.

உன் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருமல் இல்லை. அவங்க பிள்ளையைத் தூக்கட்டும். இருமல் இருக்கிற யாராவது வந்தால் வாசலில் உட்கார வைத்து, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, டம்ளரில் தேத்தண்ணி கொடு. அந்த எவர்சில்வர் டம்ளர் இங்கே பெட்டகத்தில் இருக்கிறது. அம்மா துணியில் சுற்றி வைத்திருந்தாள். அதையும் எடுத்து வருகிறேன். வாங்கிக்கொள்வதும் விடுவதும் உன் விருப்பம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவோம். இதை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். உன் கையில் கொடுத்துவிட்டு, நீ வாசித்து முடிக்கும் வரை உன் வீட்டுக்கு வெளியே, அந்தப் பீலித் தண்ணி விழுகிற இடத்தில் நிற்பேன். கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டால் அம்மா உள்ளே இருக்கட்டும், நான் அடுத்த பஸ்ஸில் போகிறேன்.